போறணையும் உறுதியும்: கைமாறும் ஒரு தொழிலின் எழுதப்படாத வரலாறு

இலங்கை முஸ்லிம்களின் வரலாறாக இதுவரை எழுதப்பட்ட நூல்களில் அரபு வணிகர் வருகின்றனர். கண்டி மன்னர்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியர் வருகின்றனர். 1915 கலவரம் வருகிறது. சட்டசபையில் பேசியோரும் பாடசாலை நிறுவியோரும் வருகின்றனர். நாம் ஒரு வணிகச் சமூகம் என்பதை அந்நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால், ஒரு கடை தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு, அல்லது மருமகனின் கைக்கு, அல்லது குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் கைக்கு எவ்வாறு போயிற்று என்ற செய்தி அவற்றில் அருமையாகவே கிடைக்கிறது. கடை தொடங்கியது தெரியும், மூடியது தெரியும். இடையில் நடந்த கைமாற்றம் தெரியாது.

இந்த இடைவெளியைச் சிறிய அளவிலேனும் நிரப்புவதற்குக் கிழக்குக் கரையோரத்துக் கிராமப் போறணை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பத்திரிகைகள் 'வெதுப்பகம்' என்று எழுதினாலும் எங்கள் பகுதியில் அது போறணைதான். படித்தவர் வாயில் பேக்கரி. கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் எரிந்துவரும் அந்தப் போறணை மூன்று முறை கைமாறியிருக்கிறது. அக்குடும்பத்தின் பழைய காகிதங்களைப் பார்க்கவும், மூன்றாவது கைமாற்றம் பேசப்பட்டபோது உடனிருக்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. குடும்பத்தாரின் விருப்பப்படி ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்க்கிறேன்.

பறங்கி தந்த சொல்

போறணை என்ற சொல்லே ஒரு வரலாற்றுச் சான்று. போர்த்துக்கேய மொழியில் சூளைக்குரிய 'ஃபோர்னோ' என்ற சொல் சிங்களத்தில் 'போறணுவ' என்றும் தமிழில் போறணை என்றும் நின்றுவிட்டது. பாணும் அவர்கள் சொல்தான். மேசை, அலுமாரி, கோப்பை என்று ஒரு தேத்தண்ணிக் கடையின் உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் பறங்கிச் சொற்கள். போர்த்துக்கேயர் முதலில் வந்திறங்கியபோது வெள்ளைக் கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கும் மனிதர் வந்திருக்கின்றனர் என்று கோட்டை அரசனுக்குச் செய்தி போனதாக ராஜாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூல் தெரிவிக்கிறது. அந்தக் கல்தான் பாண்.

அதே போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு, சுமார் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நாம் எல்லோரும் அறிந்த செய்தி. துரத்தியவனின் அப்பமும் துரத்தப்பட்டவனின் பிழைப்பும் முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. எங்கள் கிழக்குக் கரையில் முஸ்லிம் போறணைகள் ஊருக்கு ஊர் புகைவதைப் பார்க்கும்போது இந்த முரணை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் கிராமத்துக்குப் பாண் வந்தது பறங்கியர் காலத்திலன்று. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. வயல் சூழ்ந்த ஊரில் வாழ்பவனுக்குச் சோறும் புட்டும் இருக்கப் பாண் எதற்கு? இரண்டாம் உலக யுத்தம்தான் அதை மாற்றியது. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கிராமம் வரை வந்து சேர்ந்தது. மட்டக்களப்பு நகரத்துப் போறணை ஒன்றில் வேலை பழகிய ஓர் இளைஞர் தம் ஊருக்குத் திரும்பி, 1940களின் இறுதியில் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு ஒரு குவிமாடம் கட்டினார். நமது கதை அங்கே தொடங்குகிறது.

சூடு ஆறக் கூடாத சொத்து

கைமாற்றத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் போறணை எத்தகைய சொத்து என்பதை முதலில் விளங்க வேண்டும். விறகுப் போறணையில் தீயும் பாணும் ஒரே அறையில்தான். உள்ளே விறகை அடுக்கி இரண்டு மூன்று மணி நேரம் எரிப்பர். செங்கல் வெப்பத்தைக் குடித்தபின் தணலை வெளியே இழுத்து, தடியில் கட்டிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைப்பர். ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து, அது எவ்வளவு விரைவில் கருகுகிறது என்று பார்ப்பதே வெப்பமானி. அதன் பின்னர்தான் நீண்ட பிடிபோட்ட பலகையால் அச்சுக்கள் உள்ளே போகும். மாலையில் குழைத்த மா விடியலில் றாத்தல் பாணாக வெளியே வரும்.

நாள்தோறும் எரியும் போறணை முழுதாக ஆறுவதில்லை. மறுநாள் அரைச்சூட்டிலிருந்தே தொடங்கும். சில வாரம் மூடிக் கிடந்தாலோ செங்கல்லில் ஈரம் ஏறிவிடும். மீண்டும் பல நாட்கள் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்; அவசரப்பட்டால் வெடிக்கும். வயலைப் பிணக்குத் தீரும் வரை தரிசாகப் போடலாம். கடையைப் பூட்டி வைக்கலாம். போறணையை அப்படிப் போட முடியாது. ஆகவே ஜனாஸா அடக்கி மூன்றாம் நாளே யாராவது ஒருவர் தீ மூட்டியாக வேண்டும். அப்படி மூட்டுபவரே பெரும்பாலும் அடுத்த முதலாளியாகிவிடுகிறார். யாருக்கு உரிமை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே விடை எரியத் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு சொத்தும் உண்டு: கடன் கொப்பி. சுற்றூர்ச் சில்லறைக் கடைகளும், சைக்கிளில் பெட்டி கட்டிப் பாண் விற்போரும், வயல்காரக் குடும்பங்களும் கொப்பியில் எழுதியே வாங்கினர். வேளாண்மை வெட்டியபின் காசாகவோ நெல் மூடையாகவோ கணக்குத் தீரும். ஆகவே ஒரு போறணையின் பெறுமதி எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அறுவடைக்கு முன் அதன் செல்வம் கொப்பியில் இருக்கும். அறுவடைக்குப் பின் பெட்டகத்தில் இருக்கும். நான் பார்த்த பழைய உறுதி எதிலும் இந்தக் கொப்பி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வளவு யாருடையது?

முதலாவது கைமாற்றம் 1961 இல் நடந்தது. நடந்தது என்று அப்போது எவரும் நினைக்கவில்லை. அது ஒரு கலியாணம்.

கிழக்குக் கரையோரத்து முஸ்லிம்கள் தமிழரைப் போன்றே தாய்வழிக் குடி முறையைப் பேணி வந்தவர்கள். வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும்; மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இம்முறையை இரு சமூகங்களுக்கும் பொதுவானதாக விரிவாகக் காட்டியிருக்கிறார். வெளியூர் நண்பர்கள் வியப்புடன் கேட்கும் இந்த வழக்கம், தொழிலின் கைமாற்றத்தில் என்ன விளைவை ஏற்படுத்திற்று என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

போறணையைக் கட்டியவர் அதைத் தம் மனைவியின் சீதன வளவில் கட்டினார். அவருக்கென்று வேறு நிலம் இருக்கவில்லை. மண் மனைவியுடையது, சூளை கணவனுடையது. மூத்த மகள் கலியாணம் முடித்தபோது வளவு அவளுக்குச் சீதன உறுதியாக எழுதப்பட்டது. நான்கு எல்லைகளும் சொல்லி, 'அதிலுள்ள கட்டடங்கள், மரங்கள் உட்பட' என்று நொத்தாரிசு வழக்கமான வாசகத்தைப் போட்டார். அந்த ஒரு வாசகத்துக்குள் போறணையும் போயிற்று. மூத்த மருமகன் மாமனாரிடம் வேலை பழகி, சில ஆண்டுகளில் முதலாளியானார். மகன்மார் இருவரும் தத்தம் மனைவியரின் ஊர்களுக்குப் போய்விட்டிருந்தனர். வாப்பா உழைத்துக் கட்டிய தொழில் மச்சானுக்குப் போய்விட்டதே என்ற மனத்தாங்கல் அவர்களுக்குக் கடைசி வரை இருந்ததாகக் குடும்பத்தில் சொல்கின்றனர்.

தெற்கிலும் மலையகத்திலும் முஸ்லிம் கடைகள் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. பெயர்ப்பலகையில் 'அன் சன்ஸ்' என்று எழுதினர். கிழக்கில் வளவோடு ஒட்டிய தொழில்கள் மகளின் வழியாக மருமகனுக்குப் போயின. பலகையில் மகளின் பெயர் ஒருபோதும் எழுதப்படவில்லை. சொத்து பெண் வழியாக ஓடியது. பெயர் ஆணிடம் தங்கியது.

அந்த மருமகனின் காலம்தான் போறணையின் கடினமான காலமும் பொற்காலமும். 1970களின் தொடக்கத்தில் மா தட்டுப்பட்டது. விடியுமுன் பாண் வரிசை நின்றது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்தது, குவிமாடம் நின்றது. 1980 இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா தாராளமாகக் கிடைத்தது. பாண் ஊரின் காலை உணவாயிற்று.

எண்பது பங்கு

இரண்டாவது கைமாற்றம் 1989 இல் அந்த மருமகனின் மௌத்துடன் வந்தது. அவர் எதையும் எழுதிவைக்கவில்லை. மனைவியும், மூன்று ஆண்களும், நான்கு பெண்களும் இருந்தனர்.

1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மரண சாசனம் எழுதாது இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி பிரிபட வேண்டும் என்கிறது. கணக்கு எளிதானது. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. தொழிலை எண்பது பங்காக வைத்தால் மனைவிக்கு 10, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. தாயும் 2001 இல் மௌத்தானபின், அவருடைய பத்துப் பங்கும் அதே விகிதத்தில் பிள்ளைகளிடம் வந்து, மொத்தமும் பத்துப் பங்காகச் சுருங்கியது: ஆண்களுக்கு இவ்விரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. தாயின் வளவும் அவ்வாறே. அதாவது நான்கு சகோதரிகளுக்கும் சேர்த்துப் பத்தில் நான்கு. ஒரு மௌலவி ஐந்து நிமிடத்தில் போட்டுத் தரக்கூடிய கணக்கு. முப்பத்து நான்கு ஆண்டுகளாக அதை எவரும் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

ஏன்? போறணையை வெட்டிப் பத்தாகப் பிரிக்க முடியாது என்பது ஒரு காரணம். தீ மூட்டியவர் இரண்டாவது மகன் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை மூத்த சகோதரி என்னிடம் சொன்னார்: "பங்கு எண்டு நாங்க ஆரும் கேக்கல்ல, தம்பி. விடிஞ்சா ரெண்டு றாத்தல் பாண் ஊட்டுக்கு வந்திரும். வாப்பாட போறணை இன்னும் எரியுது எண்டு அதுல தெரியும். அது போதும் எண்டு இருந்தம்."

நாளொன்றுக்கு இரண்டு றாத்தல். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 25,000 றாத்தல் பாண். அது பங்கா, பாசமா? தம்பி அதைப் பாசம் என்றார். தேவைப்பட்டபோது பங்கு என்றும் சொன்னார். சகோதரிகளுக்கு அது இரண்டுமாக இருந்தது. எழுதப்படாத ஒரு பொருளுக்கு ஒவ்வொருவரும் தமக்கு இசைவான பெயரைச் சூட்டிக்கொள்ள முடியும்.

நாட்டின் பொதுச் சட்டம் இந்த இடத்தில் சகோதரிகளின் பக்கமே நிற்கிறது என்பதைப் பலர் அறியார். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி பத்தாண்டு தடையின்றி ஆட்சி செய்தவர் காணிக்கு உரிமை கோரலாம். ஆனால், கூட்டு உரித்தாளர்களில் ஒருவரின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் நடந்த ஆட்சியாகவே கொள்ளப்படும் என்பதை 1911 இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் நிலைநாட்டிவிட்டது. சகோதரன் இருபது ஆண்டு தனியே நடத்தினான் என்பதால் மட்டும் சகோதரியின் பங்கு கரைந்துபோவதில்லை. சட்டம் தெளிவு, மார்க்கம் அதனினும் தெளிவு. தெளிவில்லாதது நமது நடைமுறைதான். 'உடன்பிறப்பிடம் கணக்குக் கேட்பதா?' என்ற கூச்சம் இரண்டையும் வென்றுவிடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அலை போறணைக்குள் புகுந்து தணலை அணைத்தது. மா மூடைகள் சேறாயின. கடன் கொப்பிகள் போயின. கடன்பட்டோரில் பலர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். சிலர் வரவில்லை, அவர்களில் உயிரோடு இருந்தோர் எத்தனை பேர் என்று எண்ணுவது அந்நாட்களில் நாகரிகமாக இருக்கவில்லை. சகோதரிகளின் பங்கைப் பற்றி ஏதேனும் கணக்கு இருந்திருந்தாலும் அதுவும் அன்றே போயிருக்கும்.

பிடுங்கப்பட்ட கைமாற்றங்கள்

இதுவரை சொன்னவை ஒரு குடும்பத்துக்குள் நடந்தவை. நமது அண்மைக்கால வரலாற்றில் வேறொரு வகைக் கைமாற்றமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். கடைகளும், சாப்பாட்டுக் கடைகளும், வயல்களும், தோணிகளும் அன்று கைமாறின. விற்றவர் இல்லை, விலை இல்லை, உறுதி இல்லை. சாவி மட்டும் கைமாறிற்று.

1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணியுரிமையை நிலைநாட்ட முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தப் பத்தாண்டு விதி வேலை செய்யாதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டம் காணியைத்தான் கணக்கில் எடுத்தது. கொப்பியில் இருந்த கடனுக்கும், அடுப்பில் இருந்த தொழிலுக்கும், தலைமுறையாகச் சேர்ந்த வாடிக்கையாளருக்கும் எந்தச் சட்டமும் ஈடு சொல்வதில்லை. நீதியாகப் பேசுவதாயின் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கின் எல்லைக் கிராமங்களில் 1985 இலும் 1990 இலும் முஸ்லிம்கள் ஓடிய வளவுகளும் உண்டு. தமிழர்கள் ஓடிய வளவுகளும் உண்டு. அங்கே பின்னர் அடுப்பு மூட்டியவர் யார் என்ற கணக்கை இரு சமூகங்களும் எழுத வேண்டியிருக்கிறது.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் கறியில் மலட்டுத் தன்மை தரும் மருந்து இருந்ததாகச் சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் பரிசோதனை அது மாக்கட்டியே என்று காட்டிற்று. மறு ஆண்டு ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் பல ஊர்களில் நடந்தது. உணவுத் தொழிலில் இருந்த நம்மவர்க்கு அது எத்தகைய அச்சத்தைத் தந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நான் பேசும் போறணையின் இளைய தலைமுறை தொழிலை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டாரில் கிடைத்த சம்பளம் இன்னொரு காரணம். இரவு முழுதும் அனலில் நிற்க விரும்பாமை மூன்றாவது காரணம். எதைப் பெரிதாகச் சொல்வது என்பது சொல்பவரைப் பொறுத்தது.

மூன்றாவது கைமாற்றம்

2022 இல் நாடு கடன் கட்ட முடியாத நிலைக்கு வந்தபோது மாவின் விலை ஏறியது, எரிவாயு இல்லை, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போயிற்று. மின்சாரப் போறணைகள் நின்ற நாட்களில் இந்தப் பழைய விறகுப் போறணை மட்டும் எரிந்தது. ஆனால் முதலாளிக்கு அறுபதை அண்மித்த வயது. மகன்மார் எவரும் வர இல்லை. அடுத்த ஆண்டு அவர் விற்க முடிவு செய்தார்.

வாங்க முன்வந்தவர் அங்கேயே இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்த பாஸ். அயல் கிராமத்துத் தமிழர். மாவின் குழைவும் செங்கல்லின் குணமும் அவர் கைக்குத் தெரிந்த அளவு குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. ஊரில் பேச்சு எழுந்தது. முஸ்லிம் போறணையை வேற்றாருக்குக் கொடுப்பதா, ரோல்ஸில் வைக்கும் இறைச்சிக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டனர். இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் எளிதாகக் கிடைத்தது: இறைச்சி ஊரின் இறைச்சிக் கடையிலிருந்தே வாங்கப்படும் என்று பாஸ் எழுதித் தரச் சம்மதித்தார். முதலாவது கேள்விக்குப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர் சொன்ன விடை எனக்கு நன்றாகப் பட்டது. இருபத்திரண்டு ஆண்டு அவர் சுட்ட பாணைத்தானே நோன்பிலும் பெருநாளிலும் தின்றோம் என்றார்.

உண்மையான சிக்கல் வெளியிலிருந்து வரவில்லை. பாஸ் நொத்தாரிசிடம் போனார். நொத்தாரிசு கேட்டது ஒரே கேள்வி: காணிக்கு உரித்தாளர் யார்? 1961 இன் சீதன உறுதியில் இருந்தது தாயின் பெயர். அப்போதுதான் நான்கு சகோதரிகளும் முப்பத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு மேசைக்கு அழைக்கப்பட்டனர். தம்பி முதலில் மறுத்தார். உழைத்தது நான், கடலுக்குப் பின் மீண்டும் கட்டியது நான், பாண் அனுப்பியது நான் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் உழைப்புக்குக் கூலி உண்டு. பங்குக்குப் பங்கு உண்டு. ஒன்று மற்றொன்றை விழுங்கக் கூடாது என்று மௌலவி எடுத்துச் சொன்னார். மூன்று இரவுகள் பேசி முடித்தது இதுதான்: அவர் சொந்தக் காசில் வாங்கிய வேனும் மா குழைக்கும் இயந்திரமும் அவருக்கே, கடலுக்குப் பின் கட்டிய கட்டடச் செலவு முதலில் அவருக்குக் கழிக்கப்படும், தொழிலின் எஞ்சிய விலை பத்துப் பங்கு. வளவு விற்கப்படவில்லை, நொத்தாரிசு உறுதி மூலம் பாஸுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. குத்தகைப் பணம் மாதந்தோறும் பத்துப் பங்காகப் பிரிந்து அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. விற்பனைத் தேதி அறுவடைக்குப் பின் வைக்கப்பட்டது. கடன் கொப்பியைப் பழைய முதலாளி அதற்குள் வசூலித்துத் தீர்த்தார். பெயர்ப்பலகை மூன்று ஆண்டுகளுக்கு அப்படியே இருக்கும். மற்ற இரு தொழிலாளர்களுக்கும் சேவைக் காலத்துக்குரிய தொகை கொடுக்கப்பட்டது.

சகோதரிகளின் வீடுகளுக்குப் பாண் அனுப்புவது உடன்படிக்கையில் இல்லை, அது நின்றுவிட்டது. அது பற்றி மூத்த சகோதரியிடம் கேட்டேன். கவலைதான் என்றார். ஆனால் தன் பெயருக்கு எவ்வளவு வருகிறது என்பது இப்போதுதான் தெரியும் என்றும் சொன்னார்.

எழுதிவைத்தல்

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அல்பகறா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவன் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதெனினும் சோம்பல் கூடாது, விற்கும்போதும் சாட்சி வைக்க வேண்டும் என்று அது ஒவ்வொன்றாக விதிக்கிறது. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம் காணி விற்பனைக்கும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் எழுத்தும் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்றது. ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய கூட்டு வியாபாரத்துக்கும் எழுத்து வேண்டும் என்றது. மார்க்கமும் ஆங்கிலேயன் சட்டமும் ஒரே குரலில் பேசிய ஒரு விடயத்தில் நாம் இரண்டையும் கேட்கவில்லை. வணிகச் சமூகம் என்று பெருமை பேசும் நாம் நம்பிக்கையின் பெயரால் எழுத்தைத் தவிர்த்தோம். அந்தத் தவிர்ப்பின் விலையைப் பெரும்பாலும் பெண்களே கொடுத்தனர்.

இந்தப் போறணையின் கதையில் மூன்று கைமாற்றங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது கலியாணம் என்ற பெயரில் நடந்தது. மகன்மார் மனத்தாங்கலோடு போயினர். இரண்டாவது பாசம் என்ற பெயரில் நடந்தது. மகள்மார் பங்கின்றிப் போயினர். மூன்றாவது மட்டுமே கைமாற்றம் என்ற தன் சொந்தப் பெயரில் நடந்தது. அது குடும்பத்துக்கும் இனத்துக்கும் வெளியே போன விற்பனை. ஆகவே எழுத வேண்டியதாயிற்று. எழுதியதால்தான் குடும்பத்துக்கு உள்ளேயும் நீதி கிடைத்தது. அந்நியன் என்று ஊர் தயங்கிய ஒருவரிடம் விற்கப் போனதாலேயே உடன்பிறந்தவளின் உரிமை வெளியே வந்தது என்பதை நாம் சற்று வெட்கத்துடன்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கிழக்கிலும் புத்தளத்திலும் மன்னாரிலும் தென்கரையிலும் இன்று எத்தனையோ தொழில்கள் கைமாறும் தறுவாயில் உள்ளன. தயிர்ச் சட்டிக்காரர், அரிசி ஆலைக்காரர், தொதல் கிண்டும் குடும்பங்கள், கருவாட்டு வாடிக்காரர் என்று பலரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்கும் வேறு நாட்டுக்கும் போய்விட்டனர். அவை மூடப்படலாம், விற்கப்படலாம். இரண்டும் தவறன்று. வளவு யாருடையது, கட்டியது யாருடையது, கொப்பியில் நிற்பது எவ்வளவு, உழைத்தவருக்கு உரியது என்ன, பெயரை யார் எவ்வளவு காலம் வைத்திருப்பது ஆகிய ஐந்தும் ஒரு தாளில் எழுதப்பட்டு, வீட்டுப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டப்பட்டுச் சாட்சியோடு வைக்கப்பட வேண்டும். மூத்தவர் உயிரோடிருக்கும்போதே, தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

அப்படி எழுதப்படும் தாள்கள் குடும்பங்களின் பிணக்கைத் தீர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. நாளை நம் சமூக வரலாற்றை எழுத வருபவனுக்கு அரசர் தந்த செப்பேடுகளைவிட அவை கூடுதலாகப் பேசும்.